அரிசி மாவு டப்பா

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பது பலருக்குத் தெரியாது, மேடம். ஐந்து வருடம் முன்பு வரை எனக்கும் தெரியாது. என் மனைவி சுபஸ்ரீக்குக் கோதுமை அறவே சேராது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் கடையில் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் படிக்கப் பழகினேன். சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. ஸ்ரீரங்கத்தில் எங்கள் பிளாட்டில் விசாரித்துப் பாருங்கள். நவநீதன் மாதிரி புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றுதான் சொல்வார்கள்.

அந்த முதல் வருடம் அவள் முப்பத்தெட்டு கிலோவுக்கு இறங்கியிருந்தாள். உறையூர்ப் பள்ளியில் பார்த்துவந்த கம்ப்யூட்டர் டீச்சர் வேலையை விட்டுவிட்டாள். நான் சமைத்து, ஊட்டி, முதுகைத் தடவித் தூங்க வைப்பேன். "நீங்க இல்லேன்னா நான் எப்பவோ செத்திருப்பேங்க" என்பாள். அவள் என்னைத் தேடிய காலம் அது ஒன்றுதான்.

பத்தியம் பலித்தது. கன்னம் நிரம்பியது. மறுபடி வேலைக்குப் போனாள். மாலையில் வந்தால் போனில் விளையாட்டு. முகம் தெரியாத நாலு பேர் ஒரே அணியாகச் சேர்ந்து தீவில் இறங்கிச் சுட வேண்டும். நான் ஏதாவது பேசினால், "ஒரு நிமிஷம்ங்க, இந்த ரவுண்டு முடியட்டும்" என்பாள். குறையாகச் சொல்லவில்லை. யாருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேண்டும்.

அப்போதுதான் அரிசி மாவு டப்பாவில் இரண்டு கரண்டி கோதுமை மாவு கலந்தேன். இரண்டே கரண்டி. அளவில்லாமல் நான் எதையும் செய்வதில்லை.

பத்து நாளில் வாந்தி, பேதி. லீவு போட்டாள். "எங்கேருந்துதான் வருதுன்னே தெரியலையே" என்று என் மடியில் படுத்து அழுதாள். சமையலறையில் இருந்த எல்லாப் பாக்கெட்டையும் எடுத்துவந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். தேறியபோதெல்லாம் மறுபடி கலந்தேன். இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

நோயில் கிடப்பவளுக்கு மனம் விட்டுப் பேசத் துணை வேண்டும் இல்லையா? அதே விளையாட்டில் நானும் ஒரு கணக்குத் தொடங்கினேன். வைத்துக்கொண்ட பெயர் ரிஃபானா, ஷார்ஜாவில் இருக்கும் திருச்சிக்காரி. எழுத்தில் மட்டும்தான் பேசுவேன். இரண்டே மாதத்தில் "அக்கா" ஆகிவிட்டேன். என்னிடம் சொல்லாததையெல்லாம் ரிஃபானாவிடம் எழுதினாள். படிக்கச் சந்தோஷமாக இருக்கும்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஊரில் வைத்திருக்கும் கேமராக்கள் அத்தனையும் ஒரே சுவரில் தெரியும் அறை. பஸ் நிறுத்தங்களில் உதவிப் பொத்தான் வைத்திருக்கிறார்களே, அதை அமுக்கினால் எங்கள் மேஜையில்தான் மணி அடிக்கும். ஆபத்துக்கென்று வைத்தது. அமுக்கிவிட்டு, "ரெண்டு பிரியாணி பார்சல்" என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வீண் அழைப்பு. நல்ல திட்டம்தான், நம் ஜனங்களுக்குத்தான் பழக்கமில்லை.

மார்ச்சில் பயிற்சிக்காக நாலு நாள் சென்னை போயிருந்தேன். திரும்பிய வாரம் ரிஃபானாவுக்கு எழுதினாள்: "அக்கா, அவர் இல்லாத நாலு நாளும் வெறும் தயிர்சாதம்தான் சாப்பிட்டேன். ஒண்ணுமே பண்ணல. வந்து கொழுக்கட்டை செஞ்சு குடுத்தார், மறுபடி ஆரம்பிச்சிருச்சு."

"தப்பா நினைக்காதம்மா. மனசு சரியில்லேன்னாலும் வயிறு கெடும். இன்ஷா அல்லாஹ் சரியாயிடும்" என்று பதில் போட்டேன்.

இரண்டு நாள் அவள் எழுதவில்லை. பிறகு, "வியாழக்கிழமை தஞ்சாவூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன்க்கா. அவர்கிட்ட சொல்லல. அரிசி மாவுல கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். அங்க டெஸ்டுக்குக் குடுக்கணும்."

புதன்கிழமை மட்டும் என் அளவு தவறிவிட்டது. காலை, மாலை இரண்டு வேளையும் நான்தான் கொடுத்தேன். எழுந்து போக முடியாதபடி படுத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஆனாலும் கிளம்பிவிட்டாள்.

வியாழன் காலை பத்தேகாலுக்கு மாம்பழச்சாலை நிறுத்தத்தில் அவளைத் திரையில் பார்த்தேன். மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போனை எடுத்து ஏதோ எழுதினாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

"அக்கா கண்ணு இருட்டுது. பயமா இருக்கு."

"ஒண்ணுமில்ல. அப்படியே உக்காந்திரு" என்று எழுதினேன். அதைப் படித்தாள். தலையாட்டியது போல இருந்தது. அப்புறம் பக்கவாட்டில் சரிந்தாள்.

பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மா பொத்தானை அமுக்கினார். என் மேஜையில்தான் மணி அடித்தது. "சார், ஒரு பொண்ணு விழுந்து கெடக்குது சார். பேச்சே இல்ல."

"ஆம்புலன்ஸ் வருதும்மா. யாரும் தொடாதீங்க, காத்திருங்க" என்றேன்.

நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. வீண் அழைப்பு என்று பதிந்துவிட்டு, கேமராவைப் பாலத்துப் பக்கம் திருப்பினேன். பக்கத்து இருக்கையில் இருந்த வசீம், "என்ன சார்?" என்றான். "யாரோ சும்மா அமுக்கிப் பாக்குறாங்க" என்றேன். இருபத்திரண்டு நிமிடம் அத்தனை பேரும் என் வார்த்தையை நம்பிக் காத்திருந்தார்கள். பிறகு ஓர் ஆட்டோக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். உடம்பில் உப்புச் சத்தே இல்லை, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்கு அண்ணன் வந்திருப்பார். பையில் மாவு இருந்தது. கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அங்கே அவளுக்கு யார் பார்த்துப் பார்த்துச் சமைப்பார்கள்?

மாவு கலந்தது நான். ஆம்புலன்ஸ் வராமல் செய்ததும் நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் விட்டுப்போயிருக்கிறது, மேடம். அவள் அண்ணனைக் கூப்பிடவில்லை. பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிடவில்லை. கண் இருட்டியபோது அவள் தேடியது என்னைத்தான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.