பிரேக்கை மிதிக்கும் முன்னே

பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? அப்போது மத்தியானம் மூன்று மணி. எழுபத்திநாலாம் வருஷம், ஐப்பசி மாதம். போடிமெட்டு மலைப்பாதை. மழை விட்டிருந்தது... மூட்டம் விடவில்லை. காருக்கு முன்னால் பாதையே தெரியாது, வெறும் வெள்ளை.

நம்ம கூட்டாளி தங்கபாண்டிக்குச் சித்தப்பா முறை, சீனிச்சாமி. போடியில் டாக்சி ஓட்டியவர். அன்றைக்கு மனைவி மலையம்மாளையும் மகளையும் ஏலத்தோட்டத்திலிருந்து ஏற்றிக்கொண்டு இறங்கினார். பிள்ளைக்கு விஷக்காய்ச்சல். பின் சீட்டில், தாய் மடியில், கண் திறக்காமல் அனலாய்க் கிடந்தது. இருட்டுமுன் தேனி ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

வண்டியில் ஒரே தொந்தரவு. பிரேக்கை மிதித்தால் கீச்சிடும். சக்கரத்தைக் கழற்றி, தூசி ஊதி, பிரேக் ஷூவை உப்புத்தாளால் தேய்த்தும் பார்த்துவிட்டார். சத்தம் போகவில்லை. மெக்கானிக் அய்யாத்துரை சிரித்தார். "கத்துற பிரேக்குதாண்ணே பிடிக்கும். தைரியமாப் போங்க."

முதல் வளைவு. மிதித்தார். க்கீ...ச். கீழே மூட்டத்துக்குள்ளிருந்து அதே சத்தம் திரும்பி வந்தது.

"எதிரொலி, புள்ள" என்றார் மனைவியிடம்.

அடுத்த வளைவு. பதில் கிட்டத்தில் வந்தது.

அதற்கடுத்த வளைவில் மிதிக்கக் காலைத் தூக்கினார். பெடலில் இன்னும் வைக்கவில்லை.

க்கீ...ச்.

கதவுக்கு அந்தப் பக்கம்.

"ஏங்க... வேற வண்டி வருதா?"

"இல்ல."

"அப்ப பிரேக்கப் போடாதீக. உங்க காலப் பிடிச்சுக் கேக்கேன், போடாதீக. ஒவ்வொரு தடவையும் கிட்டக் கிட்ட வருது."

பிரேக்கைத் தொடாமல், வேகம் குறைய முதல் கியரைப் போட்டார். எஞ்சின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து இழுத்து விட்டார். ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. கிளட்ச் தீய்ந்த நாற்றம்... மட்கார்டு தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போனது. சாமி பேர்கள் எல்லாம் வாய்க்கு வந்தன. எந்தச் சாமியும் வரவில்லை.

திடீரென்று தடுப்புச் சுவர் முடிந்தது. எதிரே பள்ளம். ஹேண்ட் பிரேக் கையோடு லொடலொடவென்று வந்தது. வேறு வழியில்லை. கண்ணை மூடி, இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தார்.

வண்டி நின்றது. முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து கல் உருண்டு விழுந்தது... விழுந்துகொண்டே இருந்தது.

பிரேக் சத்தம் மட்டும் வரவில்லை. வெளியேயும் இல்லை.

"போயிருச்சு ஆத்தா... போயிருச்சு" என்று ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார்.

அப்போதுதான் பின் சீட்டிலிருந்து வந்தது.

க்கீ...ச்.

பிள்ளை வாயைத் திறந்திருந்தது. கண் மூடியபடியே. மூச்சு விடாமல், அதே சத்தம். மலையம்மாள் அலறிக்கொண்டு பிள்ளை வாயைப் பொத்தினாள். மலை இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

தேனியில் டாக்டர் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் துளிகூட இல்லை. பிள்ளை தண்ணீர் கேட்டது. உதடு சில்லென்று இருந்தது.

மருந்து கட்டியது தாய்க்குத்தான். அவள் உள்ளங்கை கொப்பளித்து, தோல் வெந்து உரிந்திருந்தது.