காட்டன் மனிதருக்கு ஒரு பாலியஸ்டர் குழாய்

"முதல்ல அப்பாவை ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை. நம்ம கல்யாணத்தை அப்புறம் கேளு," என்று ரோஹிணி நேற்று சாங்வி பஸ் ஸ்டாப்பில் சொன்னாள்.

"ரெண்டையும் ஒரே போன்ல கேட்டுடட்டா?" என்றான் கௌஷிக்.

"ரெண்டு வருஷமா ஒண்ணையே கேக்கல நீ."

அது உண்மைதான். அவள் அப்பா சுந்தரமூர்த்திக்கு வயிற்றில் பெரிய ரத்தக் குழாய் வீங்கியிருந்தது. அந்த இடத்தில் துணிக் குழாய் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். துணி பாலியஸ்டர் என்று தெரிந்ததும், வாழ்நாளெல்லாம் காட்டன் மட்டுமே உடுத்திய மனிதர் மாட்டேன் என்றுவிட்டார். சாகண் ஊரில் அந்தக் குழாய்களைப் பின்னும் கம்பெனியில்தான் கௌஷிக் இன்ஜினீயர். காலையில் மெஷின் ஹாலுக்கு வெளியே வந்து போன் போட்டான்.

"ஹலோ, அங்கிள்... ஆமாங்க, கௌஷிக்தான். ரோஹிணியோட... ஃப்ரெண்டு... ஆமா, ஆமா, அதே துணிக் குழாய் கம்பெனி... இல்லீங்க, விக்கறதுக்குக் கூப்பிடல... காட்டன்ல வராதுங்க, உடம்புக்குள்ள நைஞ்சு போயிடும்... வேர்க்காதுங்க. உள்ள ஏது வெயில்... ஆமா, மே மாசத்துலயும்தான்."

ஒரு வேட்டி எடுக்க லக்ஷ்மி ரோடு ஜவுளிக் கடை முழுக்க ஏறி இறங்குபவர் என்று ரோஹிணி எச்சரித்திருந்தாள். சுருங்காது, ஓரம் பிரியாது என்று கௌஷிக் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"சாயமே இல்லீங்க, வெள்ளைதான். ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருக்கும்... கரை இல்லீங்க. டாக்டர் முறுக்காம வைக்கறதுக்கு அடையாளம்... ஆமா, ஒரு பக்கம்தான்... மடிப்பா? அது கசங்கினது இல்லீங்க, நாங்களே சூடு பண்ணி வைக்கறது. வளைச்சுக் குடிக்கற ஸ்ட்ராவோட கழுத்து மாதிரி. வளைஞ்சாலும் அடைக்காது... இஸ்திரி போடக் கூடாதுங்க... நம்பி வைக்கலாம் அங்கிள். இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திருப்பிக் கொண்டு வந்ததில்ல..."

சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது.

"நல்லா இருக்காங்கன்னு சொன்னேன் அங்கிள். நடக்கறாங்க... பார்க்ல..."

அவர் சிரித்தார். கௌஷிக்கால் நம்ப முடியவில்லை.

"சரிங்களா?... வியாழக்கிழமையேவா?... ஆமா, ஆமா, உங்க அளவுக் குழாயை நானே பக்கத்துல நின்னு பின்ன வைக்கறேன். தண்ணி விட்டு ஒழுகுதான்னும் நானே பாத்துடறேன்."

பாதி வேலை முடிந்தது. இத்தோடு வைத்துவிடலாம், மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் நினைத்த நேரத்தில் அவர் இன்னொன்று கேட்டார்.

"எனக்கா... எனக்கு இதுல என்ன லாபம்ங்க... இல்ல, எல்லார்கிட்டயும் இப்படி முக்கால் மணி நேரம் பேச மாட்டேன்... ஆமாங்க... ஆமா, காரணம் இருக்கு..."

இரண்டு வருடமாகத் தொண்டையிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்த வாக்கியம். கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அங்கிள், ரோஹிணிய எனக்குக் கட்டிக் குடுங்க."