கைக்குள் மூடிய பீடி

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சுங்கைப் பட்டாணியில் ஒரு கிடங்கு வாசலில் அரிசிக்கு வரிசை பிடிப்போம். உள்ளே பெட்ரோல் பீப்பாய்கள் இருந்ததால் அங்கே யாரும் புகைக்கக் கூடாது. ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பெண், தனக்கு முன்னால் இருந்தவரிடம், "அண்ணே, அதை முழுங்கிடுங்க" என்றாள்.

"எதம்மா?"

"பீடியத்தான். கீழ போட்டா காவல் சிப்பாய் துண்டைப் பாத்துட்டு யாருதுன்னு கேப்பான். போன வாரம் ஒருத்தர் குடிச்சதுக்கு எல்லாரையும் வெயில்ல முட்டி போட வெச்சு, வெறுங்கையோட அனுப்பிட்டான்."

"புகையிலைக்கு எங்க போறது? இது காய்ஞ்ச பப்பாளி இலை லா. பசிக்கு இழுக்கிறேன்."

"என் பிள்ளைங்களும் பசியோடதான் கிடக்குதுங்க. அதுங்க எதை இழுக்கும்?"

அவர் இன்னொரு தடவை இழுத்தார். அதற்குள் துப்பாக்கியோடு சிப்பாய் வந்துவிட்டான். அவர் நெருப்போடு பீடியைக் கைக்குள் மூடிக்கொண்டு, எங்களோடு சேர்ந்து குனிந்து வணங்கினார். சிப்பாய் மூக்கை உறிஞ்சினான். ஒவ்வொருவர் வாயையும் பார்த்தான், தரையைப் பார்த்தான், திரும்பிப் போனான்.

"கையைத் திறங்கண்ணே."

"வேணாம்மா."

"திறங்கன்னா."

திறந்தார். உள்ளங்கை வெந்து தோல் உரிந்திருந்தது. அவள் அவர் தோளில் கிடந்த பையை இழுத்துக்கொண்டாள்.

"உங்க அரிசியையும் நானே வாங்கித் தர்றேன். ஆனா அடுத்த வாரம் எனக்கு முன்னால நிக்காதீங்க."