கையுறை வெட்டுறவனோட கப்பல்

— நான் நவீன்குமார், வயசு இருபத்தி நாலு, ஆம்பூர்க்காரன். ஆம்பூர் ஷூ கம்பெனிய விட்டுட்டு, இப்போ ஆக்ரால ஒரு ஷூ கம்பெனில தோல் கட்டிங் பண்றேன். நேத்து ஹேமலதா அக்காவும் நானும் போன்ல பேசுனத, போன்ல வாயால சொல்லி டைப் பண்ணி நம்ம வீட்டுக்கு அனுப்புறேன். அக்கா தான் ஆரம்பிச்சுது.

— ஏன்டா நவீனு, உன் விண்வெளிக் கப்பல்ல முன்னூறு பேரு இருக்காங்க, ஒருத்தன் கூட கக்கூசுக்குப் போவலியே. நூறு பக்கமா அடக்கிக்கினு இருக்கானுங்களா?

— நாவலுக்கு அதெல்லாம் இன்னாத்துக்குக்கா?

— நாலு நாள் தண்ணி வரலன்னா நம்ம தெருவுல நடக்குற சண்டைய வந்து பாரு. உன் ஆளுங்க ஜன்னலாண்ட நின்னுக்கினு நட்சத்திரத்தப் பாத்து அழுவுறாங்க. வேற பொழப்பு இல்ல. இங்க ஆம்பூர் கம்பெனில உன் தோஸ்து தபரேஸ, அவன் வெட்டுன தோல் சரியில்ல, போன ஷூவெல்லாம் கிழிஞ்சி திரும்பி வந்துச்சுன்னு வேலய விட்டு நிறுத்தி வெச்சிருக்காங்க. திங்கக்கிழம விசாரணை. அவன் பக்கத்து மேசைல வெட்டிக்கினு இருந்தவன் நீ, அவன் நல்ல கட்டர்னு நாலு வரி எழுதி அனுப்புடான்னா, எனக்கு ராக்கெட்டு நாவல் அனுப்புற.

— வேலன் பகுதி எப்படிக்கா இருக்கு? கப்பல்ல எல்லாருக்கும் கையுறை வெட்டுறவன்.

— பெரிய கட்டிங் மாஸ்டரு. தோல்ல கீறல் இருக்குற எடத்த சுத்தி வெள்ளிக் கலர் பேனாவுல கோடு போட்டுத் தர்றாங்க. அத விட்டுட்டு வெட்டணும்னு நேத்து சேந்த பொண்ணுக்கே தெரியும். இவன் கோட்டுக்குள்ளயே வெட்றான். கப்பல்ல ஒரு அம்மா அதப் போட்டுக்கினு கைய வெளிய நீட்டுனா கையுறை கிழிஞ்சி, கையி வெறச்சிப் போவுது.

— அன்னிக்கு வெட்டிக் குடுக்க வேண்டிய கணக்குக்கு பீஸ் கம்மியா இருந்துச்சுக்கா. அவசரம்.

— அதுக்கு? வெட்டுன பீசுக்குப் பின்னால தன் நம்பர எழுதாம அடுத்தவன் நம்பர எழுதிடுவானா? பத்து வருஷமா ஸ்டிச்சிங்ல இருக்கேன், இப்படி ஒரு வேல நான் கேள்விப்பட்டதில்ல. தபரேஸ் அதத்தான் சொல்றான், நம்பரு என்னுது, எழுதுன கை என்னுது இல்லன்னு. ஒருத்தனும் நம்பல. அதே வேல உன் கதைல எப்படிடா வந்துச்சு?

— கடைசில வேலன் முன்னூறு பேரு முன்னாடி மைக்ல ஒத்துக்குறான்க்கா.

— கை தட்றாங்களே, படிச்சேன். கையி போன பொம்பள அவனக் கட்டிப் புடிச்சு அழுவுறா. த்தூ. தபரேஸ் பொண்டாட்டி ரஃபத் ஜஹான் எனக்குப் பக்கத்து மிஷின்டா. நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்? உனக்கு மைக்கு வேணாம், ஒரே ஒரு மேனேஜர் போதும். சொல்லுவியா?

— பயமா இருக்குக்கா.

— உன் வேலனுக்கு மட்டும் இல்லியா?

— அவனுக்கு எறங்கி ஓட எடமில்லக்கா. எனக்கு இருந்துச்சு, ஓடி வந்துட்டேன்.

— அப்போ இன்னும் ஒரு நாவல் எழுது. தபரேசு கூலி வேலைக்குப் போனப்புறம் அவன் படிப்பான்.

— அக்கா பேசுனது அவ்ளோதான், இனி நான் சொல்றது. நம்ம வீட்ல இத யாரு படிச்சாலும் சரி: அந்த பீசுங்கள வெட்டுனது நான், தபரேஸ் நம்பர எழுதுனதும் நான். திங்கக்கிழம காலைல விசாரணைக்கு அவன் கூடப் போய், இத பிரிண்ட் எடுத்து மேனேஜர் கையில குடுங்க.