அண்ணன் வண்டிக்கு ஒரு மெழுகு

மோட்டார் சைக்கிளுக்கு மெழுகு பூசுவது நல்ல பழக்கம்தான், சார். பெயிண்ட் வெளுக்காது. கரிசல் புழுதி படிந்தாலும் துணியால் ஒரு தடவை துடைத்தால் போய்விடும். எந்த மெழுகு என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

என் அண்ணன் மணிராஜ் என்னிடம் கேட்டுத்தான் பூசினான்.

கறுப்பு வண்டி. வாங்கியதிலிருந்து வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்தி, கம்பளி போர்த்தி வைத்திருப்பான். மதினி தங்கமாரிக்குக் குளிர்காய்ச்சல் வந்த அன்று அந்தக் கம்பளியைக் கேட்டாள். "வேற ஏதாவது எடுத்துப் போத்து. டேங்க்ல கோடு விழுந்துரும்" என்றான். ஒரு மனிதனால் இதை வெட்கப்படாமல் சொல்ல முடிகிறது என்பதைக் கவனித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. கல்லைப் பார்த்து யாரும் கோபப்படுவதில்லை.

வைகாசியில் ஒருநாள் நான் வேலைக்குப் போய்த் திரும்பியபோது, என் கல்லூரி ரெக்கார்டு நோட்டுகளைக் கிழித்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று வருட வேதியியல் சோதனைகள். படங்கள் எல்லாம் பென்சிலில் நானே வரைந்தவை.

"பாஸாயிட்டேல்லா, பிறகு என்னத்துக்குட்டி அது?" என்றான். "பேப்பர் நல்லா வழவழன்னு இருக்கு. கடையில கூட இப்படிக் கிடைக்காது."

அம்மா சிரித்தாள். நான் மீதி நோட்டுகளை எடுத்து உள்ளே வைத்தேன். இதைக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நோட்டுக்காக யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள்.

அடுத்த வாரம் கடையில் மூன்று மெழுகு டப்பாக்களைப் போட்டோ எடுத்து வந்து நீட்டினான். "ஏட்டி, கெமிஸ்ட்ரி படிச்சவ, எது நல்லது சொல்லு. படிச்சது இதுக்காவது உதவட்டும்."

முதல் டப்பாதான் நல்லது. ஒரு வகைப் பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு, எண்பது டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் ஊர் வெயில் அதை ஒன்றும் செய்யாது. டப்பாவில் ஆங்கிலத்தில் எல்லாம் எழுதியிருந்தது. அவன் படிக்கவில்லை. படிக்கத் தெரியாது என்று சொல்லவும் மாட்டான்.

"மூணும் ஏமாத்து வேலைண்ணே" என்றேன். "நம்ம தீப்பெட்டி ஆபீஸ் மெழுகைத்தான் டப்பாவுல அடைச்சு விக்குதாவ."

அவன் முகம் மலர்ந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்றான். எதையும் நினைக்காதவர்கள் சொல்வது அது.

நான் தீப்பெட்டி ஆபீஸில் பரிசோதனை மேஜையில் இருக்கிறேன். குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன் மெழுகில் முக்குவார்கள். அந்த மெழுகு எத்தனை டிகிரியில் உருகுகிறது என்று பார்ப்பது என் வேலை. ஐம்பத்தெட்டு. எங்கள் பக்கம் அந்த மெழுகைத் தாழ்ப்பாளுக்குப் போடுவார்கள், ஜிப்புக்குப் போடுவார்கள், பித்த வெடிப்புக்கும் போடுவார்கள். வண்டிக்கு ஆகாது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தோன்றாது.

அந்த மெழுகில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் சேர்த்தேன். உருகுநிலை இன்னும் இறங்கியது. ஒரு கறுப்புத் தகர மூடியில் பூசி, காலை பத்தரை மணிக்கு ஆபீஸ் முற்றத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மணிக்கு வழிந்தது. மூன்று நாள் செய்தேன், மூன்று நாளும் வழிந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டுகிறவள் இல்லை நான்.

"முன்பக்கம் கெட்டியாப் பூசுண்ணே, அதான் கண்ணுல படும்" என்றேன். அவன் மட்கார்டிலும் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இரண்டு குழாய்களிலும் அப்பினான். அவற்றுக்கு நேர் கீழேதான் பிரேக் தட்டு. அதில் மெழுகும் எண்ணெயும் வழிந்தால் பிரேக் பிடிக்காது. வீட்டு நிழலில் ஒன்றும் ஆகாது. வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கழுகுமலையில் அவன் கூட்டாளி மந்திரமூர்த்தி மகளுக்குக் காதுகுத்து. அங்கே வண்டி நிறுத்தும் பொட்டலில் மரம் கிடையாது.

ஊருக்குள் மெதுவாகப் போக, காலால் மிதிக்கும் பின் பிரேக் போதும். வேகத்தில் போகும்போது முன் பிரேக்தான் நிறுத்தும். அவன் மெதுவாகப் போகிற ஆள் இல்லை. திரும்பி வரும்போது, கோவில்பட்டிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கையில், லாரி ஒன்று குறுக்கே திரும்பியது. மற்றது உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. அண்ணனுக்கு முழங்காலோடு கால் போனது. கண் விழித்ததும் வண்டிக்கு எவ்வளவு அடி என்று கேட்டான். மதினியைக் கேட்டது அதற்குப் பிறகு.

நீங்கள் மெக்கானிக் கருத்தப்பாண்டியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். பிரேக் கட்டை மாட்டியதில் குறை என்று எழுதியிருக்கிறீர்கள். அவனை விட்டுவிடுங்கள். ஒரு திருகாணி எந்தப் பக்கம் முறுகும் என்பதே அவனுக்கு இரண்டாவது தடவைதான் தெரியும். இது அவன் கையால் நடந்தது என்று ஊர் பேசிக்கொள்வதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. செய்தது நான். ஆபீஸ் மெழுகு, தேங்காயெண்ணெய், மூன்று நாள் சோதனை. வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள்.

காதுகுத்துக்கு மதினி போவதாக இல்லை. காலையில் திடீரென்று கிளம்பினாள். "ரேணு, நானும் போயிட்டு வாரேன். உனக்கு என்ன வாங்கியாரட்டும்?" என்றாள். "பச்சை வளையல் மதினி" என்றேன். ஆஸ்பத்திரியில் அவள் உடம்போடு பையையும் கொடுத்தார்கள். வளையல் உடையாமல் இருந்தது. அளவும் சரியாக இருக்கிறது.

சொல்ல நேரம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். இருந்தது. அவள் செருப்பை மாற்றி, கொசுவத்தைச் சரிசெய்து, பின்னால் ஏறி உட்கார எப்படியும் இரண்டு நிமிடம். அவள் என்னை ஒருநாளும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் போகாதீங்க என்றால் ஏன் என்று கேட்பார்கள். அண்ணன் கேட்பான், அம்மா கேட்பாள், எதிர்வீட்டு ராமலட்சுமி அக்கா எட்டிப் பார்ப்பாள். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம், சார்.