பாலேந்திரன் ஐயாவின் தலையிடி

கமலாசனி அம்மா போட்டுத் தரும் இஞ்சித் தேத்தண்ணியை நான் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த அம்மா மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கோபமெல்லாம் அவருடைய கணவர் பாலேந்திரன் மேல்தான். குண்டசாலையில் எங்கள் போன் கம்பெனி டவர் எழும்பியதும் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார். அந்த டவருக்குப் பொறுப்பான இஞ்சினியர் நான். "இது வந்த நாளிலயிருந்து எனக்குத் தலையிடி. இந்த யுகேஷ் தம்பி படிச்ச கள்ளன்" என்று என்னைக் கைகாட்டினார். டவருக்கு அப்போது கரண்ட்டே கொடுத்திருக்கவில்லை. அதைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

மனிதர் பொய் சொல்கிறாரா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி இருந்தது. டவரில் இருப்பது ஒரு அன்டெனா இல்லை, வரிசையாகப் பல. ஒவ்வொன்றிலிருந்தும் அலை புறப்படும் நேரத்தைக் கொஞ்சம் முன்பின்னாக்கினால் ஒரு பக்கம் அலைக்கற்றை, நாங்கள் பீம் என்போம், பலக்கும். இன்னொரு பக்கம் அலைகள் ஒன்றையொன்று அழித்து, சிக்னலே இல்லாத குழி விழும். பல்லேகல அலுவலகத்தில் கதிரையை விட்டு எழும்பாமலே அந்தக் குழியை அவர் வீட்டின் மேல் வைத்தேன். பக்கத்து வீட்டில் சிக்னல் குறையவில்லை. சுத்தமான வேலை.

அடுத்த கிழமை போய்ப் பார்த்தேன். நெற்றியில் தைலம் பூசியிருந்தார். நான் வருவதைக் கண்ட பிறகுதான் பூசினாரோ என்று எனக்குச் சந்தேகம். "தலையிடி கூடிப்போச்சு" என்றார். அலையே இல்லாத வீட்டில் தலையிடி கூடுமா? வசமாக மாட்டிக்கொண்டார். அன்றே பீமைத் திருப்பியிருக்கலாம். அவர் வாயாலேயே ஒத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவைத்தேன்.

வாசல்வரை கூட வந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, போன் வேலை செய்யுதில்லை. எனக்கு நெஞ்சு வருத்தம். இவர் வெளியில போனா நான் ஆரைக் கூப்பிடுறது? ஒருக்காப் பாருங்கோ."

"பாக்குறேங்கம்மா" என்றேன். அந்த வீட்டுக்கு வேறு எந்தக் கம்பெனியின் சிக்னலும் எட்டாது என்பது எனக்குத் தெரியும். பார்க்கவில்லை.

பாலேந்திரன் ஐயா மருந்து வாங்கக் கண்டி டவுனுக்குப் போயிருந்த நேரம் அம்மா விழுந்தார். அம்புலன்ஸ் நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். ஆமாம், குழியை வைத்தது நான்தான். தெரிந்தேதான் எடுக்காமல் இருந்தேன்.

செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் போன் பேச வேண்டுமே என்று அன்றைக்கே பீமைப் பழையபடி திருப்பிவிட்டேன். நானும் போனேன். ஐயா பக்கத்தில் உட்கார்ந்து, தலையிடி எப்படி என்று கேட்டேன்.

"இப்ப அது ஒண்டும் தெரியேல்லைத் தம்பி" என்றார்.

முழு பீமும் அப்போது அந்த வீட்டின் மேல்தான் இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.