அத்தையோட ஏழு முத்து

ஹலோ... அக்கா, நாந்தான்... ஆமா, ஆமா, பட்டறையிலேருந்துதான். இரு, பாலிஷ் மோட்டாரை நிறுத்தறேன்... ம், இப்பக் கேக்குதா? உன் மாமியார் பக்கத்துல இருக்காங்களா? ...தூங்கறாங்களா? நிஜமாத் தூங்கறாங்களா, இல்ல கண்ணை மட்டும் மூடியிருக்காங்களா? ...சரி, நீ பால்கனிக்குப் போ. போய்ட்டியா?

...இல்ல, மாலை முடியல. வெள்ளி வேலையெல்லாம் முடிஞ்சுது. மூணு வாரமாக் கம்பியை முறுக்கி முறுக்கி, முத்து உக்கார ஏழு குட்டிக் கிண்ணம் பண்ணியிருக்கேன். பாத்தா அசந்துடுவ... முத்துலதான் பிரச்சினை... தொலைக்கலக்கா! தொலைச்சிருந்தாக்கூடத் தேவலை.

கேளு. கம்பி நுழையணுமேன்னு துளையைப் பெரிசாக்க டிரில்லை வெச்சேன். அசல் முத்துன்னா மாவு மாதிரி வெள்ளையாத் தூள் கொட்டும். இது சுவத்துப் பெயிண்ட் மாதிரி உரியுது. கூடவே சீப்பு எரிஞ்ச நாத்தம்... ஆமா. பிளாஸ்டிக்... கத்தாதே! ...ஏழும்தான். ஒவ்வொண்ணா லென்ஸ் வெச்சுப் பாத்துட்டேன். இத்தனை வருஷமா உன் மாமியார் பீரோவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பாத்து, மறுபடி இழுத்துப் பாத்துக் காவல் காத்தது பிளாஸ்டிக்குக்கு.

...நீ என்னைச் சந்தேகப்படல, சரி. உன் நாத்தனார்? அவங்கதானே பரம்பரை முத்துன்னு அவங்க அம்மாகிட்டேருந்து பிடிவாதமா வாங்கி என் கையில குடுத்தாங்க? நாளைக்கு மத்தியானம் மாலையை வாங்க வர்றாங்க. அண்ணியோட தங்கச்சிகிட்ட முத்து குடுத்தேன், பிளாஸ்டிக்காத் திரும்பி வந்துதுன்னு அவங்க சொன்னா, என்னை யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன்.

...அழாதே. அக்கா, அழாதேங்கறேன்ல... என்ன? ...பஸ்ஸுல தொலைச்சுட்டேன்னு நீ சொல்லுவியா? எதுக்கு? ...என்னைத் திருடின்னு சொல்லிடுவாங்கன்னா? லூசு மாதிரிப் பேசாதே. அந்த வீட்டுல இருக்கப்போறது நீ... வேண்டாம்... வேண்டாம்னு சொல்றேன்... ஹலோ? அக்கா? என்ன சத்தம் அது?

...அ... அத்தை! நல்லா இருக்கீங்களா? தூங்கறீங்கன்னு அக்கா... ஓ. அவ "பிளாஸ்டிக்கா"ன்னு கத்தினதிலேருந்தா. அப்ப எல்லாமே கேட்டாச்சு... பஸ்ஸுல தொலைச்ச கதையுமா? ...அக்கா எங்க? ...பால்கனியில வெச்சுத் தாழ்ப்பாள் போட்டுட்டீங்களா! அத்தை, வெயில்!

சத்தியமா நான் மாத்தல... தெரியுமா? என்ன தெரியும்? ...ஏழும் போலின்னு உங்களுக்குத் தெரியுமா! ...நீங்களே வித்தீங்களா? ...பன்னண்டு வருஷம் முன்னாடி. ம்... ம்... எதுக்கு வித்தீங்க? ...எதைக் கட்டறதுக்கு? கொஞ்சம் சத்தமா... பல்லா? ...மேல் வரிசை மொத்தமுமா! அத்தை, போன மாசம்கூட என் முன்னாடி பாதாமைக் கடிச்சு உடைச்சு, இந்த வயசுலயும் சொந்தப் பல்லுன்னு பீத்திக்கிட்டீங்க... நான் சிரிக்கல... சரி, கொஞ்சம் சிரிச்சேன். முத்தை வித்து முத்துப் பல்லு வாங்கியிருக்கீங்க, வேற என்ன பண்றது?

...அப்ப ஏன் வாயைத் திறக்காம முத்தை எடுத்துக் குடுத்தீங்க? ...நான் டிரில் போடுவேன்னு தெரியாதா? பின்ன, பசை வெச்சா ஒட்டுவேன்?

...யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அக்காகிட்ட நீங்க சொல்லணும்... இல்ல, நீங்கதான்... மானமா? அத்தை, அவ தப்பே பண்ணாம திட்டு வாங்கத் தயாரா நிக்கறா, அதுவும் வெயில்ல. உங்களுக்கு மானம் பெருசாப் போச்சா? ...ம். ...ம். சரி. முதல்ல கதவைத் திறங்க. நான் லைன்லதான் இருக்கேன்.

...ஹலோ? சொல்லிட்டீங்களா? ...கேக்குது, கேக்குது, அவ சிரிக்கறது இங்க வரைக்கும் கேக்குது... பல்லை ஆட்டிப் பாக்கறாளா? ஒரு தட்டு தட்டுங்க கையில.

...மாலைக்கா? என்கிட்ட ஆத்து முத்து இருக்கு, கடல்ல இல்லாம ஆத்துத் தண்ணியில விளையறது. அசல். கொஞ்சம் கோணலா இருக்கும்... கோணலா இருந்தா என்ன? ஒரே அளவா, உருண்டையா இருந்ததை நம்பி எல்லாரும் ஏமாந்தது போதும்... உங்க பொண்ணுக்கு வேண்டாமா? பின்ன யாருக்கு? ...அக்காவுக்கா? நிஜமாவா அத்தை? ...முத்து புதுசு, அதனால பரம்பரைச் சொத்துல வராது. ஆகா, நீங்க வக்கீலாப் போயிருக்கணும்... பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க? ...வாயைத் திறந்து காட்டிடுவீங்களா. ம். அதுதான் சரி... என்னது, அவங்களுக்கு அந்த பிளாஸ்டிக்ல தோடா? முடியாது. என் வெள்ளியில பிளாஸ்டிக் உக்காராது.

...அக்காகிட்டயா? குடுங்க... சொல்லுக்கா. ...என்ன? கொக்கி பெரிசா வேணுமா? ...நீளம் ரெண்டு விரல் கூடவா? ஏங்க்கா, இப்பத்தானே தேம்பித் தேம்பி அழுதே? ...மூணு வாரம் முறுக்கின கம்பிக்கா அது! ...தோடும் சேத்தா? ...அத்தை சொன்னாங்களா? அத்தை சொல்லல, நீ சொல்ற... ரெண்டு பேரும் என்னை வெச்சுச் சிரிக்கறீங்களா? ...ஹலோ? ...அக்கா, நாளைக்குள்ளல்லாம்... ஹலோ! ...வெச்சுட்டா.